சம்பளம் வருகிறது, கடன் குறையவில்லை: அறிகுறியை வைத்துப் பிழையைக் கண்டுபிடித்து நீக்கும் வழிமுறை

மாதச் சம்பளம் வாங்கும் குடும்பத்தில் கடன் ஏன் தீரவில்லை என்று கேட்டால், விலைவாசி ஏறிவிட்டது, செலவு கைமீறிவிட்டது என்ற இரண்டு விடைகளே பெரும்பாலும் கிடைக்கும். உறவினர், அண்டை வீட்டார் எனச் சிலருக்கு உடன் உட்கார்ந்து கணக்கு எழுதிக் கொடுத்த அனுபவத்தில் நான் கண்ட காரணம் வேறு. ஒரு வீட்டில் ஐந்து கடன்கள் இருந்தால், ஐந்துக்கும் வட்டி ஐந்து விதமாகச் சொல்லப்பட்டிருக்கும். தெருமுனை வட்டிக்காரர் "மூணு வட்டி" என்பார். தினமும் தவணை வசூலிக்கும் தண்டல்காரர் வட்டி என்ற சொல்லையே எடுக்காமல் "பத்தாயிரத்துக்கு நாளைக்கு நூறு" என்பார். வண்டிக் கடன் கொடுத்தவர் "பன்னிரண்டு சதவீதம் பிளாட்" என்பார். கிரெடிட் கார்டு அறிக்கையில் "மினிமம் டியூ" (அந்த மாதம் கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகை) மட்டும் பெரிய எழுத்தில் நிற்கும். ஒன்றோடொன்றை ஒப்பிடவே முடியாத இந்த நிலையில், எந்தக் கடன் அதிகமாக எரிக்கிறதோ அதை விட்டுவிட்டு, எந்தக் கடன் அதிகமாகச் சத்தம் போடுகிறதோ அதற்கே பணம் போகிறது. கீழே உள்ளவற்றில் உங்கள் வீட்டுக்குப் பொருந்தும் அறிகுறியிலிருந்து தொடங்கலாம். ஆனால் முதல் பகுதியை மட்டும் யாரும் தாண்டிச் செல்ல வேண்டாம்.

தொடங்கும் முன்: ஒரு நோட்டு, ஓர் அளவுகோல்

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். ஒவ்வொரு கடனுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, யாரிடம் வாங்கியது, கையில் உண்மையில் எவ்வளவு வந்தது, மாதம் எவ்வளவு கட்டுகிறோம், இன்னும் எவ்வளவு பாக்கி, என்ன கொடுத்து வைத்திருக்கிறோம் (நகையா, கையெழுத்திட்ட செக்கா, புரோநோட்டா, ஒருவரின் ஜாமீனா) என்பவற்றை எழுத வேண்டும். கணவனுக்குத் தெரியாத மகளிர் குழுக் கடனும் மனைவிக்குத் தெரியாத கார்டு நிலுவையும் இருக்கும் வீட்டில் எந்தத் திட்டமும் இரண்டு மாதத்துக்கு மேல் நிற்பதில்லை. எனவே இதை இருவரும் சேர்ந்தே எழுத வேண்டும். அந்த முதல் நாள் கசப்பாகத்தான் இருக்கும். யார் வாங்கினார்கள், ஏன் வாங்கினார்கள் என்ற விசாரணையை அன்று வைத்துக்கொள்ளாமல், தொகையை மட்டும் எழுதி முடிப்பது நல்லது.

நிறுவனங்களிடம் வாங்கிய கடன் ஏதாவது மறந்து போயிருக்கும் என்ற ஐயம் இருந்தால், சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஒன்றை வாங்கிப் பார்த்தாலே, அடைபடாமல் கிடக்கும் பழைய செல்போன் தவணை முதல் நீங்கள் ஜாமீன் போட்ட கடன் வரை தெரிந்துவிடும்.

அடுத்தது அளவுகோல். எல்லா வட்டியையும் "ஆண்டுக்கு எத்தனை சதவீதம், குறையும் அசலின் மீது" என்ற ஒரே கணக்குக்கு மாற்ற வேண்டும். மூணு வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய், ஆகவே ஆண்டுக்கு 36 சதவீதம். பிளாட் வட்டி என்பது நாம் கட்டிக் குறைத்த அசலுக்கும் சேர்த்துக் கடைசி மாதம் வரை வாங்கப்படும் வட்டி: ஒரு லட்சம் ரூபாயை 12 சதவீத பிளாட் வட்டியில் 24 மாதத்துக்கு வாங்கினால், வட்டி 24,000 ரூபாய், தவணை சுமார் 5,167 ரூபாய், இதைக் குறையும் அசலின் மீது கணக்கிட்டால் ஆண்டுக்கு ஏறக்குறைய 21.6 சதவீதம் வருகிறது. தண்டலில் பத்தாயிரத்துக்கு 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கொடுத்து, நூறு நாளைக்கு நாளொன்றுக்கு நூறு ரூபாய் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பதினைந்து சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் அசல் தினமும் குறைந்துகொண்டே வருவதால் சராசரியாக நம் கையில் இருப்பது பாதித் தொகைதான். அதுவும் ஓர் ஆண்டின் கால் பங்கைச் சற்றே தாண்டும் காலத்துக்கு மட்டும். ஆண்டுக் கணக்கில் இது சுமார் 120 சதவீதம்.

வங்கி அல்லது நிதி நிறுவனத்தில் வாங்கிய தவணைக் கடனாக இருந்தால் இந்தக் கணக்கை நீங்களே போட வேண்டியதில்லை. 2024 அக்டோபர் 1 முதல் தனிநபருக்கு வழங்கும் ஒவ்வொரு புதிய தவணைக் கடனுக்கும், எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு வீதத்தைக் காட்டும் முக்கிய விவர அறிக்கையை, கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியிருக்கிறது. கையெழுத்துப் போடும் முன் அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள்.

அறிகுறி: பத்தாம் தேதிக்குள் சம்பளம் கரைந்துவிடுகிறது, எங்கே போனது என்று தெரியவில்லை

வங்கிச் செயலியிலிருந்து கடந்த மூன்று மாத அறிக்கையை இறக்கி, ஒவ்வொரு வரிக்கும் எதிரே அது வீட்டுச் செலவா, தவணையா, தானாகப் பிடிக்கப்பட்ட பணமா, வேறா என்று பென்சிலால் குறியுங்கள். யு.பி.ஐ. வந்த பிறகு டீக்கடை முதல் மருந்துக்கடை வரை எல்லாம் அறிக்கையில் பதிவாவதால், இந்த வேலை முன்பைவிட எளிது. தானாகப் பிடிக்கப்படும் பணத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். எப்போதோ இலவச மாதம் என்று சேர்ந்த திரைப்படச் செயலி, யாரும் பயன்படுத்தாத கைப்பேசிப் பாதுகாப்புத் திட்டம், கடனோடு சேர்த்து விற்கப்பட்ட காப்பீடு போன்றவை அங்கேதான் இருக்கும். யு.பி.ஐ. செயலியில் ஆட்டோபே என்ற பகுதிக்குள் போனால் நடப்பில் உள்ள அனுமதிகள் வரிசையாகத் தெரியும். வேண்டாதவற்றை அங்கேயே நீக்கலாம். இத்தகைய பிடித்தத்துக்கு 24 மணி நேரம் முன்பே அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்பது விதி, எனவே அந்தக் குறுஞ்செய்தியைப் படிக்காமல் அழிப்பதை நிறுத்தினாலே பாதி வேலை முடிந்தது.

வீட்டுச் செலவுக்கு நான் பரிந்துரைப்பது ஒன்றே ஒன்று. சம்பளம் வரும் கணக்கை யு.பி.ஐ.யிலிருந்து பிரித்துவிட்டு, வேறொரு சேமிப்புக் கணக்கை மட்டும் அதில் இணைத்து, ஒவ்வொரு திங்கட்கிழமையும் அந்த வாரத்துக்கான தொகையை மட்டும் அதற்கு மாற்றுங்கள். ஒவ்வொரு ரூபாயையும் எழுதி வைக்கும் பழக்கம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. வியாழக்கிழமை கணக்கில் 300 ரூபாய்தான் இருக்கிறது என்பது எல்லோருக்கும் புரியும்.

அறிகுறி: கிரெடிட் கார்டுக்கு மாதந்தோறும் தவறாமல் கட்டியும் நிலுவை அப்படியே இருக்கிறது

இதில் பிழை கட்டுபவரின் ஒழுங்கில் இல்லை, கட்டும் தொகையில் இருக்கிறது. 50,000 ரூபாய் நிலுவை, மாதம் 3.5 சதவீத வட்டி என்று கொள்வோம். ஒரு மாத வட்டி 1,750 ரூபாய். அந்த வட்டியின் மீது 18 சதவீத ஜி.எஸ்.டி. 315 ரூபாய், ஆக 2,065 ரூபாய். குறைந்தபட்சத் தொகை 5 சதவீதம் என்றால் நீங்கள் கட்டுவது 2,500 ரூபாய். அசலில் கழிவது 435 ரூபாய் மட்டுமே. அடுத்த மாதம் குறைந்தபட்சத் தொகையும் சற்றே இறங்கும், கழிவதும் இறங்கும். கார்டை ஒருமுறைகூடத் தேய்க்காமல் இப்படியே இரண்டு ஆண்டு கட்டினால், மொத்தம் 54,000 ரூபாய்க்கு மேல் கொடுத்த பிறகும் 40,000 ரூபாய்க்கு மேல் பாக்கி நிற்கும்.

இதில் பலர் கவனிக்காத இன்னொன்றும் உண்டு. முழு நிலுவையையும் கட்டாத மாதத்தில் வட்டியில்லாக் காலம் என்ற சலுகை போய்விடுகிறது. அதன் பிறகு அந்தக் கார்டில் வாங்கும் மளிகைக்குக்கூட வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். எனவே செய்ய வேண்டிய முதல் வேலை அந்தக் கார்டைப் பயன்படுத்துவதை முற்றாக நிறுத்துவது. கடைச் செயலிகளில் சேமித்து வைத்திருக்கும் கார்டு விவரத்தையும், யு.பி.ஐ.யில் இணைத்திருந்தால் அந்த இணைப்பையும் நீக்கிவிட வேண்டும்.

இரண்டாவது வேலை, அந்த நிலுவையைக் குறைந்த வட்டிக்கு மாற்றுவது. அதே 50,000 ரூபாயை 16 சதவீதத் தனிநபர் கடனாக 24 மாதத்துக்கு மாற்ற முடிந்தால், தவணை சுமார் 2,450 ரூபாய். இதுவரை மினிமம் டியூவாகக் கட்டிய அதே அளவுப் பணம்தான். ஆனால் இரண்டு ஆண்டு முடிவில் கடன் இல்லை. தனிநபர் கடன் கிடைக்காவிட்டால், கார்டு நிறுவனமே நிலுவையைத் தவணையாக மாற்றித் தரும் வசதியைக் கேட்கலாம். அதில் செயலாக்கக் கட்டணமும் வட்டி மீது ஜி.எஸ்.டி.யும் உண்டென்றாலும், சுழலும் நிலுவையைவிட அது பெரும்பாலும் மேலானது. மூணு வட்டிக்கு வாங்குவதை அவமானமாக நினைக்கும் பலர் கார்டு நிலுவையைச் சுமந்தபடி நிம்மதியாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். மாதம் 3.5 சதவீதத்தோடு வரியையும் சேர்த்தால் ஆண்டுக்கு 49 சதவீதத்தைத் தாண்டுகிறது. அது நான்கு வட்டிக்கும் மேல்.

அறிகுறி: ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்க வேண்டியிருக்கிறது

கடனை மாற்றுவது வேறு, கடனைச் சுழற்றுவது வேறு. புதிய கடனின் ஆண்டு வட்டி பழையதைவிடக் குறைவாகவும், பழைய கடனின் வாசல் அதே நாளில் அடைக்கப்பட்டும் இருந்தால் அது மாற்றம். குழுக் கடன் தவணைக்குத் தண்டல், தண்டலுக்குக் கைமாற்று, கைமாற்றைத் திருப்ப மீண்டும் கார்டு என்று போனால் அது சுழற்சி; அதில் ஒவ்வொரு கைக்கும் கடன் வளரும்.

நோட்டில் எழுதிய பக்கங்களை ஆண்டு வட்டியின் வரிசையில் அடுக்குங்கள். நான் பார்த்த வீடுகளில் வழக்கமாக வரும் வரிசை இது: தண்டல் மேலே, அதன் கீழ் கார்டு, பிறகு மூணு வட்டி, பிறகு பிளாட் வட்டியில் வாங்கிய வண்டிக் கடன், கடைசியில் பொதுத்துறை வங்கி நகைக் கடன். கீழே உள்ள எல்லாவற்றுக்கும் கட்டாயத் தவணையை மட்டும் கட்டிக்கொண்டு, மிச்சமாகும் ஒவ்வொரு ரூபாயையும் மேலே உள்ள கடனுக்கே போட வேண்டும். அது முடிந்ததும், அதற்குப் போய்க்கொண்டிருந்த முழுத் தொகையும் வரிசையில் அடுத்ததற்குப் போக வேண்டும். இந்த இடத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள்: தண்டல் முடிந்த மாதமே கையில் மூவாயிரம் நிற்பதைப் பார்த்துப் புதிய தவணை ஒன்றைத் தொடங்கிவிடுகிறார்கள். சிறிய கடனை முதலில் முடித்தால் மனத் தெம்பு வரும் என்று சொல்வோர் உண்டு. வட்டி ஏறக்குறைய சமமாக இருக்கும் இரண்டு கடன்களுக்கு இடையே அதைச் செய்யலாம், 120 சதவீதத்தை விட்டு 10 சதவீதத்தை முடிப்பதற்கு அது நியாயம் ஆகாது.

வீட்டில் நகை சும்மா இருக்கும்போது தண்டல் வாங்குவது எனக்கு மிகவும் வருத்தம் தரும் பிழை. வங்கியில் நகையை வைத்துத் தண்டலையும் மூணு வட்டியையும் ஒரே நாளில் முடிப்பது, நகை அடகு போனது என்று யார் என்ன சொன்னாலும், கணக்கில் சரியான முடிவு. தண்டல்காரர் மறுவாரம் "வேணுமா" என்று கேட்கும்போது வேண்டாம் என்று சொல்ல முடியும் என்றால் மட்டுமே இதைச் செய்யுங்கள்.

மகளிர் குழுக்களுக்கு மைக்ரோ பைனான்ஸ் நிறுவனங்கள் தரும் கடனைப் பற்றி இரண்டு விதிகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2022 ஏப்ரல் முதல், ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. முன்கூட்டியே அடைத்தால் அபராதம் வாங்கவும் கூடாது. வருமானத்தை உயர்த்தி எழுதச் சொல்லி யாராவது வற்புறுத்தினால், பாதுகாப்புக்காகப் போட்ட வேலியை உங்கள் கையாலேயே பிடுங்கச் சொல்கிறார்கள் என்று பொருள்.

அறிகுறி: நகை ஆண்டுக்கணக்கில் மீளவே இல்லை

ஆண்டு முடிவில் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைக்கிறோம். அதே சமயம் தங்கம் விலை ஏறியிருந்தால் கூடுதலாகக் கொஞ்சம் வாங்கிக்கொள்கிறோம். அசல் இறங்காமல் இருப்பதற்கு இதுவே காரணம். பத்துப் பவுனை ஒரே ரசீதில் வைத்தால் முழுத் தொகையையும் சேர்க்கும் வரை எதுவும் வெளியே வராது. வைக்கும்போதே வளையலுக்கு ஒரு ரசீது, சங்கிலிக்கு ஒரு ரசீது, ஆரத்துக்கு ஒரு ரசீது என்று பிரித்து வைத்தால், ஒவ்வொன்றாக மீட்கலாம். ஒரு நகை வீட்டுக்கு வந்த நாளில் குடும்பத்துக்கே நம்பிக்கை வரும். ஏற்கெனவே ஒன்றாக வைத்திருந்தால், அடுத்து மாற்றி வைக்கும் நாளில் பிரித்துக் கேளுங்கள். நகைக் கடனுக்கு மாதத் தவணை இல்லாததால் அது காத்திருக்கும் என்று நினைக்கிறோம்; கெடு தாண்டினால் ஏலம் வரும். ஏல அறிவிப்பு பழைய முகவரிக்குப் போய்விடாதபடி முகவரியையும் தொலைபேசி எண்ணையும் கிளையில் புதுப்பித்து வையுங்கள்.

அறிகுறி: பத்து மாதம் சரியாகப் போகும் கணக்கு ஆண்டுக்கு இரண்டு முறை உடைந்துவிடுகிறது

ஜூன் மாதப் பள்ளிக் கட்டணம், தீபாவளி, வண்டிக் காப்பீடு, முகூர்த்த மாதங்களின் மொய் ஆகியவை எதிர்பாராத செலவுகள் என்று நோட்டில் எழுதப்படுவதைப் பார்க்கும்போதெல்லாம் நான் அடித்துத் திருத்தியிருக்கிறேன். தேதி தெரிந்த செலவு எதிர்பாராத செலவாகாது. கடந்த ஆண்டு இவற்றுக்கு ஆன தொகையைக் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து, சம்பளம் வந்த மறுநாளே வங்கியின் ஓராண்டுத் தொடர் வைப்பில் போய்ச் சேரும்படி செய்யுங்கள். சீட்டு கட்டுவது பழக்கமென்றால், அது 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்யப்பட்டதா என்று பதிவு எண்ணைக் கேட்டுப் பார்த்த பிறகே சேருங்கள்.

மொய்யைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பேராவூரணி, கீரமங்கலம் பக்கத்தில் மொய் விருந்து என்றே நடப்பதை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. மற்ற ஊர்களிலும் மொய் நோட்டில் உள்ளது வட்டியில்லாக் கடன்தான். நம் வீட்டு விசேஷத்தில் வந்த மொய்யை வருமானமாகச் செலவழித்துவிட்டு, திருப்பிச் செய்ய வேண்டிய ஆண்டில் கைமாற்று வாங்குவது நிறைய வீடுகளில் நடக்கிறது. மொய் நோட்டையும் கடன் நோட்டோடு சேர்த்து வைத்து, அடுத்த ஓராண்டில் யார் வீட்டில் விசேஷம் வரும் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: தவணைக்குப் பணம் இருந்தும் பவுன்ஸ் கட்டணம் விழுகிறது

சம்பளம் ஏழாம் தேதி, தவணை ஐந்தாம் தேதி. இவ்வளவுதான் பிழை. ஒருமுறை திரும்பினால் வங்கி ஒரு கட்டணமும் கடன் கொடுத்தவர் இன்னொரு கட்டணமும் பிடிப்பார்கள், சிபில் மதிப்பெண்ணும் இறங்கும். தவணைத் தேதியை மாற்றித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் ஒரு தவணைக்கான பணத்தை அந்தக் கணக்கிலேயே எப்போதும் நிறுத்தி வையுங்கள்.

அறிகுறி: வசூல் அழைப்புகளும் மிரட்டலும் தொடங்கிவிட்டன

பயத்தில் எடுக்கப்படும் முடிவுதான் இந்தக் கட்டத்தில் பெரிய இழப்பைத் தருகிறது. ஆகவே சட்டம் எங்கே நிற்கிறது என்பதைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். வங்கி, நிதி நிறுவனங்களின் வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது. மைக்ரோ பைனான்ஸ் கடனுக்கு இது காலை 9, மாலை 6. உறவினரிடமோ அலுவலகத்திலோ சொல்லி அவமானப்படுத்தவும் கூடாது. நடந்தால் தேதி, நேரம், எண் ஆகியவற்றைக் குறித்து, முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் கொடுங்கள்; 30 நாளில் தீர்வு வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம், அதற்கான தொலைபேசி எண் 14448.

கடன் செயலி உங்கள் தொடர்பு எண்களையோ படங்களையோ எடுக்க ரிசர்வ் வங்கியின் விதிகளில் இடமில்லை. படத்தைத் திரித்து அனுப்புவோம் என்று மிரட்டினால், பணம் கட்டி அடக்க முயலாமல் 1930 என்ற எண்ணில் இணையக் குற்றப் புகார் கொடுங்கள். கட்டியவரிடமே மீண்டும் கேட்பது அவர்களின் வழக்கம். கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றை 2003ஆம் ஆண்டின் தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. மூன்றாண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. காவல் நிலையத்தில் தயக்கம் இருந்தால், திங்கட்கிழமைகளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம். இலவச சட்ட உதவிக்கு 15100.

கடனைக் கட்ட முடியாமல் போவது உரிமையியல் விவகாரம். அதற்காக மட்டும் யாரையும் கைது செய்ய முடியாது. ஆனால் கொடுத்த செக் பணமின்றித் திரும்பினால், மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவு குற்றவியல் வழக்குக்கு வழி திறக்கிறது. அறிவிப்பு கைக்கு வந்ததிலிருந்து 15 நாள் அவகாசம் உண்டு, அந்த நாட்களை வீணாக்கக் கூடாது. தொகை எழுதாத செக்கில் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். ஜாமீனும் அப்படியே: ஒப்பந்தச் சட்டப்படி ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம், ஆகவே போட்ட ஜாமீனை உங்கள் கடன் நோட்டில் ஒரு பக்கமாகவே எழுதுங்கள்.

இரவில் தூக்கம் போய், எல்லாவற்றையும் முடித்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் வந்தால், கணக்கை மூடி வைத்துவிட்டு 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணை அழையுங்கள், தமிழிலேயே பேசலாம். எந்தக் கடனும் அந்த அழைப்புக்குப் பிறகு பார்த்துக்கொள்ளக் கூடியதுதான்.

அறிகுறி: கடனை முடித்தாகிவிட்டது, ஆனால் பதிவில் இன்னும் நிற்கிறது

கடைசித் தவணையைக் கட்டியதோடு எழுந்து வந்துவிடுவதால் வரும் பிழை இது. பாக்கியில்லை என்ற சான்றை வாங்குங்கள். கொடுத்து வைத்த செக்கையும் புரோநோட்டையும் கையோடு திரும்பப் பெறுங்கள். வண்டிக் கடனாக இருந்தால் ஆர்.சி.யில் உள்ள அடமானக் குறிப்பை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் நீக்குங்கள். வீட்டுக் கடனுக்குப் பத்திரத்தை 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்கு வர வேண்டும். நிலுவை இல்லாத கிரெடிட் கார்டை மூடச் சொன்னால் ஏழு வேலை நாளில் மூட வேண்டும், தாமதத்துக்கு நாளொன்றுக்கு 500 ரூபாய். ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்து முடிக்கலாம் என்று நிறுவனம் சொன்னால், அறிக்கையில் "முடிக்கப்பட்டது" என்பதற்குப் பதிலாக "சமரசம்" என்று பதிவாகி, ஆண்டுக்கணக்கில் புதிய கடனுக்குத் தடையாக நிற்கும் என்பதைத் தெரிந்துகொண்டு ஒப்புக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டு மாதம் கழித்து அறிக்கையை எடுத்துப் பாருங்கள். முடித்த கடன் இன்னும் நடப்பில் இருப்பதாகக் காட்டினால், அந்தத் தகவல் நிறுவனத்திலேயே திருத்தம் கோரலாம். 30 நாளைத் தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு.